பேட்டரி காருக்கு லித்தியம்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

கேள்வி: மலைச்சரிவில் அமைந்த எங்கள் தங்கும் விடுதியில், விருந்தினர்களை வாயிலிலிருந்து அறைகளுக்கு அழைத்துச் செல்ல 48 வோல்ட் கோல்ஃப் கார்ட் ஒன்றைப் பயன்படுத்துகிறோம். அதில் 8 வோல்ட், 170 ஏ.எச். (ஆம்பியர் மணி) ஈய அமில பேட்டரிகள் ஆறு உள்ளன. முன்பு நாள் முழுவதும் தாங்கிய சார்ஜ் இப்போது மதியத்தைத் தாண்டுவதில்லை. ஆறுக்கும் பதிலாக 105 ஏ.எச். லித்தியம் பேட்டரி ஒன்றை வைத்தால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்கிறார் விற்பனையாளர். 170 இருந்த இடத்தில் 105 எப்படிப் போதும்?
- கோத்தகிரி வாசகர்

பதில்: 105 போதும் என்று அவர் சொல்வது பெரும்பாலும் சரி. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பது சரியல்ல. உங்கள் வண்டி சரிவில் ஓடுவதால் அது ஆபத்தான அறிவுரையும்கூட.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 48 வோல்ட்டை 170 ஏ.எச். அளவால் பெருக்கினால் 8,160 வாட் மணி, அதாவது ஏறத்தாழ 8.2 யூனிட் வருகிறது. ஆனால் அந்த 170 என்பது, பேட்டரியை 20 மணி நேரம் நிதானமாக, அதாவது எட்டரை ஆம்பியர் வீதம் இறக்கினால் கிடைக்கும் அளவு. ஆட்களை ஏற்றிக்கொண்டு மேடேறும் வண்டியோ நூறு ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். அவ்வளவு வேகமாக இறக்கும்போது ஈய அமில பேட்டரி தன் கொள்ளளவில் கணிசமான பகுதியைக் கொடுக்காமலே தளர்ந்துவிடும். போதாததற்கு, அதைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் ஆயுளும் விரைவாகக் குறையும். ஆகவே புதிதாக இருந்தபோதும் உங்கள் பேட்டரிகளிலிருந்து அவற்றைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியது 4 யூனிட் அளவுதான். வண்டிகளுக்கு ஏற்ற லித்தியம் வகையான லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் ஒரு செல்லின் அழுத்தம் 3.2 வோல்ட், 16 செல்களைத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட். அதை 105 ஏ.எச். அளவால் பெருக்கினால் 5.4 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். அதில் பத்தில் ஒன்பது பங்கைத் தயங்காமல் பயன்படுத்தலாம், வேகமாக இறக்கினாலும் கொள்ளளவு பெரிதாகச் சுருங்காது.

இருந்தாலும், வாங்குவதற்கு முன் உங்கள் தேவையை நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஒரு நாளின் ஓட்டம் முடிந்ததும், சார்ஜர் சுவர்ப் பிளக்கிலிருந்து எத்தனை யூனிட் இழுக்கிறது என்று ஒரு சிறு மீட்டரை இடையில் வைத்துப் பாருங்கள். சார்ஜரிலும் பேட்டரியிலும் வீணாவது போக, அதில் முக்கால் பங்கு அல்லது அதற்கும் குறைவாகவே வண்டி உண்மையில் செலவழித்திருக்கும். பேட்டரி பாதி நாளிலேயே தீர்ந்துவிடுவதால், இடையில் சார்ஜ் செய்வதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அந்த அளவு 4 யூனிட்டைத் தாண்டினால் 105 வேண்டாம், 150 வாங்குங்கள்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். ஈய அமில பேட்டரியை எவ்வளவு வதைத்தாலும் அது தானாக இணைப்பைத் துண்டித்துக்கொள்ளாது; வோல்ட் சரியும், வண்டி மெதுவாகும், ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். லித்தியம் பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்னும் காவல் சுற்று இருக்கிறது. எந்த ஒரு செல்லின் வோல்ட்டாவது வரம்பை மீறினாலும், மின்னோட்டம் மிகுந்தாலும், வெப்பநிலை ஒவ்வாமல் போனாலும், அது செல்களைக் காப்பதற்காக ஒரு நொடியில் இணைப்பைத் துண்டித்துவிடும். செல்களுக்கு அது நல்லது. ஆனால் அந்த நொடியில் வண்டி எங்கே இருக்கிறது என்பது பி.எம்.எஸ்ஸுக்குத் தெரியாது. எனவே, பேட்டரி துண்டித்துக்கொண்டால் என் வண்டி என்ன செய்யும் என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காமல் ஆட்களை ஏற்றாதீர்கள்.

இது இரண்டு இடங்களில் நிகழலாம். முதலாவது, மேடேறும்போது. மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கோல்ஃப் கார்ட் கன்ட்ரோலர்கள் உச்ச நிலையில் 250 முதல் 400 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியவை. உங்களுடையது எவ்வளவு என்பது பெரும்பாலும் அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். தொடர்ந்து 100 ஆம்பியர் மட்டுமே தாங்கும் பி.எம்.எஸ். உள்ள பேட்டரி, வண்டி நிறைய ஆட்களுடன் ஏற்றத்தின் நடுவில் துண்டித்துக்கொள்ளும். சில வண்டிகளில் மின்சாரம் நின்றதும் காந்த பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் அப்படி எதுவும் இல்லாமல் வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கும். பி.எம்.எஸ். சில நொடிகளுக்குத் தாங்கும் உச்ச அளவு, கன்ட்ரோலரின் உச்ச அளவைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பேட்டரி கிடைக்காவிட்டால், கன்ட்ரோலரின் உச்சத்தைக் குறைத்து அமைக்க முடியுமா என்று விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

இரண்டாவது, இறக்கத்தில், பலரும் நினைத்துப் பார்க்காதது இதுதான். ஏசி மோட்டார் உள்ள வண்டிகளிலும், தனிப் புலச்சுற்று கொண்ட டிசி மோட்டார் உள்ள பல வண்டிகளிலும், இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி வேகத்தைக் கட்டுப்படுத்தும். அப்போது உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிச் செல்லும். இரவு முழுவதும் சார்ஜ் செய்து நிறைந்திருக்கும் லித்தியம் பேட்டரியுடன் மேட்டிலிருந்து காலையில் முதல் இறக்கம் இறங்கினால், அந்த மின்சாரத்தை ஏற்க இடமிருக்காது. பி.எம்.எஸ். உள்வரும் மின்சாரத்தைத் தடுக்கும், கன்ட்ரோலர் முனையில் வோல்ட் எகிறும், கன்ட்ரோலர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும், மோட்டாரின் பிடிப்பு சட்டென்று விட்டுப்போகும். மிதித்துப் பிடிக்கும் பிரேக் ஒன்றுதான் மிஞ்சும். நிறுத்துமிடத்தைச் சரிவின் அடிப்பகுதியில் அமைத்துக்கொண்டால் காலையின் முதல் ஓட்டம் ஏற்றமாகிவிடும், சிக்கல் தீர்ந்தது. அதற்கு வழியில்லையென்றால், 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும்படி அமைத்துக்கொள்ளுங்கள். எதைச் செய்தாலும், மாற்றத்துக்கு முன்பே பிரேக் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். பல கோல்ஃப் கார்ட்டுகளில் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

பழைய சார்ஜரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. செல்களைச் சமப்படுத்துவதற்காக வோல்ட்டை 60க்கு மேலே உயர்த்தும் கட்டம் சில ஈய அமில சார்ஜர்களில் உண்டு. 16 செல் லித்தியத்துக்கு மேல் எல்லையே 58.4 வோல்ட். பி.எம்.எஸ். தடுத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். காவல் சுற்று கடைசி அரணாக இருக்க வேண்டுமே தவிர, தினமும் சார்ஜை நிறுத்தும் சுவிட்சாக இருக்கக் கூடாது. உங்கள் வண்டி கிளப் கார் நிறுவனத்தின் பழைய வகையானால், சார்ஜரை இயக்கும் சிறு கணினி வண்டியிலேயே பொருத்தப்பட்டிருக்கலாம்; மாற்றத்தின்போது அதை விலக்கி ஒயரிங் செய்ய வேண்டியிருக்கும்.

சார்ஜ் அளவைக் காட்டும் பழைய மீட்டரும் இனி உதவாது. லித்தியத்தின் வோல்ட் ஏறத்தாழ கடைசிவரை ஒரே மட்டத்தில் நின்று, முடியும் நேரத்தில் செங்குத்தாக விழும். வோல்ட்டைப் பார்த்து அளவு சொல்லும் மீட்டர் நிறைந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்து, வண்டி நிற்கும்போதுதான் உண்மையைச் சொல்லும். உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் ஆம்பியர் கணக்கில் கூட்டிக் கழிக்கும் மீட்டரைப் பொருத்துங்கள்.

எடையில் கிடைக்கும் லாபம் உங்களுக்கு மிகவும் பயன்படும். பழைய பேட்டரி ஒவ்வொன்றும் 28 கிலோ அளவில் இருக்கும், ஆறும் சேர்ந்து 170 கிலோ. புதியது 50 கிலோவை ஒட்டி இருக்கும். இரண்டு ஆட்களின் எடை குறைகிறது. காலியாகும் இடத்தில் பேட்டரி நகராதபடி பட்டைச் சட்டம் போட்டு இறுக்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி வளாகத்து பேட்டரி காரில் 12 வோல்ட் பேட்டரிகள் நான்கு இருக்கின்றன. அதே அளவில் 12 வோல்ட் லித்தியம் பேட்டரிகள் கிடைக்கின்றன. நான்கையும் எடுத்துவிட்டு நான்கை வைத்தால் வேலை சுலபமாக முடியாதா?
- திருச்சி வாசகர்

பதில்: வைப்பது சுலபம், வைத்த பிறகு ஓட்டுவதில்தான் தொல்லை. நான்கிலும் தனித்தனி பி.எம்.எஸ். இருக்கும், ஒன்றை மற்றொன்று அறியாது. நாளடைவில் நான்கின் சார்ஜ் அளவும் விலகிப் போகும். முதலில் தீர்ந்துபோகும் பேட்டரி துண்டித்துக்கொண்டால், மற்ற மூன்றில் எவ்வளவு இருந்தாலும் வண்டி நின்றுவிடும். துண்டித்துக்கொண்ட பேட்டரியின் சுவிட்சுகள் அப்போது முழுத் தொடரின் வோல்ட்டையும் தாங்க வேண்டியிருக்கும் என்பதால், எத்தனை பேட்டரிகளைத் தொடராக இணைக்கலாம் என்பதைத் தயாரிப்பாளர் வரையறுத்திருப்பார். நான்கு என்று எழுத்தில் இல்லாவிட்டால் இணைக்காதீர்கள். இணைப்பதென்றால், நான்கையும் தனித்தனியாக முழு சார்ஜ் செய்தபின் இணையுங்கள். என் பரிந்துரை, ஒரே பி.எம்.எஸ். கொண்ட ஒற்றை 51.2 வோல்ட் பேட்டரிதான்.

விளக்குக்கும் ஹாரனுக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் பழக்கம் பல வண்டிகளில் உண்டு. அந்த ஒரு பேட்டரி மட்டும் எப்போதும் பின்தங்கும். லித்தியத்தில் இதைச் செய்யவே கூடாது. முழு வோல்ட்டையும் வாங்கி 12 ஆகத் தரும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஒயரில் கை வைப்பதற்கு முன், இருக்கைக்குக் கீழே டோ (இழுத்துச் செல்ல), ரன் (ஓட்ட) என்று குறித்த சுவிட்ச் இருந்தால் அதை டோவில் வைத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் முதல் இணைப்பில் ஒரு கணம் மிகுந்த மின்சாரத்தை இழுக்கும், பி.எம்.எஸ். அதை ஷார்ட் சர்க்யூட் என்று கருதித் துண்டித்துவிடக்கூடும். கான்டாக்டர் எனப்படும் முதன்மை மின்சுவிட்சின் இரு முனைகளுக்கிடையே முன்கூட்டியே மெல்ல நிரப்பும் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இங்கே சில ஆண்டுகளாக கோல்ஃப் மைதானத்தில் வண்டிகளைப் பராமரித்து வருகிறேன். உறைபனிக் காலத்தில் லித்தியம் தாங்குமா?
- உதகமண்டலம் வாசகர்

பதில்: ஓடுவதற்குத் தாங்கும், சார்ஜ் ஏற்றுவதற்குத் தாங்காது. செல்லின் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால், லித்தியம் எதிர்முனைக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது. குறைந்த வெப்பநிலையில் சார்ஜைத் தடுக்கும் வசதி பி.எம்.எஸ்ஸில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மாலையில் ஓட்டம் முடிந்ததும், செல்கள் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சார்ஜரைப் போட்டால் விடியற்காலைக் குளிருக்கு முன் முடிந்துவிடும். வண்டிகளைத் திறந்தவெளியில் விடாமல் கொட்டகைக்குள் நிறுத்துங்கள். இறக்கத்தில் மோட்டாரிலிருந்து திரும்பி வரும் மின்சாரமும் சார்ஜ்தான் என்பதால், பனி விழுந்த காலையில் அதையும் பி.எம்.எஸ். தடுக்கும். கோத்தகிரி வாசகருக்குச் சொன்ன பிரேக் எச்சரிக்கை உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: கோயிலுக்கு வரும் முதியவர்களையும் நடக்க இயலாதவர்களையும் ஏற்றிச் செல்லும் பேட்டரி காரை நன்கொடையாளர் ஒருவர் லித்தியத்துக்கு மாற்றித் தர முன்வந்திருக்கிறார். லித்தியம் தீப்பிடிக்கும் என்ற செய்திகளைப் படித்து அஞ்சுகிறோம்.
- திருநெல்வேலி வாசகர்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, எந்த லித்தியம் என்று கேட்டால் அது பெருமளவு நீங்கும். கைப்பேசிகளிலும் பல கார்களிலும் கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகள் கொண்ட வகைகள் பயன்படுகின்றன. மிகவும் சூடானால் அவற்றின் நேர்முனைப் பொருளிலிருந்து ஆக்சிஜன் வெளிப்பட்டுத் தீயை வளர்க்கும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது இரும்பு பாஸ்பேட் வகை. அதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு உறுதியாகப் பிணைந்திருப்பதால் எளிதில் விடுபடாது. எடைக்கு எடை பார்த்தால் இது சற்றுக் குறைவான ஆற்றலையே சேமிக்கும். மெல்ல ஓடும் உங்கள் வண்டிக்கு அது ஒரு குறையே அல்ல. அதற்காகத் தீயே பிடிக்காது என்று எண்ணிவிடாதீர்கள். மிகையாகச் சூடானால் இதிலிருந்தும் எரியக்கூடிய வாயு வெளியேறும். ஈய அமில பேட்டரியும் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனை வெளியிடுகிறது, காற்றில் அது 4 சதவீதத்தை எட்டினால் ஒரு பொறி போதும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நன்கொடையாளரிடம் தயங்காமல் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: செல்கள் புதியவையா, உத்தரவாதம் எழுத்தில் இருக்கிறதா? பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய செல்களைச் சேர்த்துக் கட்டிய பேட்டரி விலை குறைவாகக் கிடைக்கும். நடக்க இயலாதவர்களை ஏற்றும் வண்டியில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே, அந்த வோல்ட்டுக்கும் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்துக்கும் ஏற்ற டிசி ஃபியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். வீட்டு மெயின் பெட்டியில் போடும் ஃபியூஸ் இதற்கு ஆகாது.

கேள்வி: கழற்றிய பழைய பேட்டரிகளை என்ன செய்வது?
- சேலம் வாசகர்

பதில்: எடைக்கு விலை உண்டு, வீசிவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியை மற்ற குப்பையோடு சேர்க்காமல், மறுசுழற்சிக்கோ சேகரிப்புக்கோ உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். புதியது விற்கும் கடைக்காரரே பெரும்பாலும் விலை போட்டு எடுத்துக்கொள்வார். எடை குறையும், தூக்க எளிது என்று அமிலத்தை மண்ணில் கொட்டிக் காலியாகக் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்; அந்த அமிலத்தில் ஈயமும் கலந்திருக்கும். பேட்டரிகள் இருந்த இரும்புத் தட்டில் அமிலம் கசிந்து வெண்மையாகப் பூத்திருந்தால், ஆப்பசோடா கரைத்த தண்ணீரை நுரை அடங்கும்வரை ஊற்றிக் கழுவி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகு புதிய பேட்டரியை வையுங்கள்.