சினைப்பைப் புற்றுநோய்: தடுப்பு மரபணுக்கள் பழுதானால் என்ன நடக்கிறது?

கேள்வி: அம்மாவின் பயாப்சி அறிக்கையில் 'பி53 நெகட்டிவ்' என்று இருக்கிறது. நல்ல செய்திதானே?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பி53, புற்றுநோயைத் தடுக்கும் புரதம். டிஎன்ஏ சேதமடைந்த செல்லைப் பெருகவிடாமல் நிறுத்தும். சரிசெய்ய வழியில்லை என்றால் அந்தச் செல்லைச் சாகவைக்கும். சினைப்பைப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் ஹை கிரேடு சீரஸ் வகையில் இதற்கான மரபணு கிட்டத்தட்ட எல்லாருக்கும் பழுதாகியிருக்கும். 2011-இல் வெளிவந்த 'கேன்சர் ஜீனோம் அட்லஸ்' ஆய்வில் இது 96 சதவீதம்.

பயாப்சித் துண்டில் பி53 புரதத்தைக் காட்டும் சாயத்தை ஏற்றிப் பார்க்கும்போது, பழுது பெரும்பாலும் இரண்டு விதமாகத் தெரியும். புரதத்தின் வடிவம் மாறிப்போனால் அது சிதையாமல் செல்லின் உட்கருவில் குவியும். சாயம் அடர்த்தியாக ஏறும். மரபணு பாதியில் முறிந்துவிட்டால் புரதமே உருவாகாது. சாயம் துளியும் ஏறாது; 'நெகட்டிவ்' என்பது இதுவாக இருக்கலாம். இரண்டுமே பிறழ்வுதான். சில செல்களில் அழுத்தமாக, சிலவற்றில் வெளிறி, கலந்து ஏறியிருப்பதுதான் இயல்பு. ஆனால் அதே துண்டில் இருக்கும் ரத்தக்குழாய், இணைப்புத் திசுச் செல்களிலும் சாயம் ஏறவில்லை என்றால் சோதனையே தவறிவிட்டது என்று பொருள். திசு ஃபார்மலினில் சரியாகப் பதமாகாதபோது இப்படி ஆகும். 'நெகட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லோடு விடாமல், 'பிறழ்வு வகையா, இயல்பு வகையா' என்று எழுதித் தரும்படி பேத்தாலஜி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இந்தப் புற்றுநோய் ஏன் வயிறு முழுக்கப் பரவுகிறது?

பதில்: ஹை கிரேடு சீரஸ் வகையில் பெரும்பாலானவை சினைப்பையில் தொடங்குவதில்லை. கருக்குழாயின் விரல் போன்ற நுனியில்தான் முதலில் பி53 பழுதாகிறது. சாதாரணச் செல் தன் இடத்தைவிட்டு உதிர்ந்தால் செத்துவிடும். காவல் போன செல்லோ பிழைத்துக்கொள்கிறது. அப்படி உதிர்ந்தவை சிறு உருண்டைகளாகத் திரண்டு வயிற்று நீரில் மிதக்கின்றன. மூச்சின் அசைவில் அந்த நீர் மேல்நோக்கிப் போகும். அதனால்தான் வலது உதரவிதானத்தின் அடிப்பக்கத்தில் முடிச்சுகள் காணப்படுகின்றன. குடலை மூடியிருக்கும் ஓமெண்டம் என்ற கொழுப்புத் திரையில் ஒட்டியவற்றுக்கு அங்குள்ள கொழுப்பே உணவு. ஓரிரு மில்லிமீட்டர் முடிச்சு சிடி ஸ்கேனில் தெரியாமல் போகலாம். ஸ்கேன் சுத்தம் என்பதை வைத்து மட்டும் பரவவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

பி53-உடன் வேறு தடுப்பு மரபணுக்களும் சேர்ந்து அடங்கிப்போகின்றன. டிராஸ்3 இவற்றில் ஒன்று. நம் உடலில் இதன் தந்தை வழிப் பிரதி மட்டுமே வேலை செய்கிறது. மற்ற தடுப்பு மரபணுக்களில் இரண்டு பிரதியும் போனால்தான் காவல் முழுதாக நீங்கும். டிராஸ்3-க்கோ ஒரே அடி போதும். ஓப்சிஎம்எல் என்ற இன்னொரு தடுப்பு மரபணு பெரும்பாலும் முறிவதில்லை. மீத்தைலேற்றம் என்ற ரசாயன மாற்றத்தால் ஊமையாகிவிடுகிறது.

கேள்வி: எல்லா சினைப்பைப் புற்றுநோயிலும் பி53தான் காரணமா?

பதில்: இல்லை. கிளியர் செல் வகையில் ஏறக்குறைய பாதியில் ஏரிட்1ஏ என்ற தடுப்பு மரபணு பழுதாகியிருக்கும். எண்டோமெட்ரியாசிஸோடு (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) தொடர்புள்ள இந்த வகை, பெரும்பாலும் சினைப்பையைத் தாண்டும் முன்பே கண்டுபிடிக்கப்படுகிறது.

கேள்வி: அப்பாவின் தங்கைக்கு வந்தது. அப்பா வழி என்பதால் எனக்குப் பயமில்லையா?

பதில்: டிஎன்ஏ சேதத்தைப் பழுதுபார்க்கும் பிஆர்சிஏ மரபணுக்களின் பிறழ்வு அப்பா வழியாகவும் வரும், உங்கள் அப்பாவிடம் இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு 50 சதவீதம். முதலில் அத்தைக்குச் சோதிக்க வேண்டும். அவரிடம் எந்தப் பிறழ்வு என்று தெரிந்தால் மற்றவர்களிடம் அதை மட்டும் தேடினால் போதும். பெரிய துண்டு நீக்கங்களைச் சாதாரண வரிசைப்படுத்தல் தவறவிடலாம். அவற்றைக் கண்டறியும் எம்எல்பிஏ போன்ற முறையும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: பிஆர்சிஏ பிறழ்வுக்காக ஓலாபாரிப் எடுத்தவருக்கு மாத்திரை கேட்காமல் போனது ஏன்?

பதில்: பழுதுபார்க்கும் ஒரு வழி ஏற்கெனவே அடைபட்ட செல்லில் இன்னொரு வழியையும் அடைப்பதே இந்த மருந்தின் உத்தி. சிகிச்சையின்போது சில செல்களில் இரண்டாவது மாற்றம் நேர்ந்து பிஆர்சிஏ புரதம் மீண்டும் உருவாகிவிடும்; அவை பிழைத்துப் பெருகும். நோய் திரும்பினால் பழைய அறிக்கையை மட்டும் நம்பாமல், புதிய திசுவையோ ரத்தத்தையோ சோதிக்க முடியுமா என்று கேட்கலாம்.

கேள்வி: எனக்கு பிஆர்சிஏ1 பிறழ்வு. சினைப்பைகளை மட்டும் எடுத்தால் போதாதா?

பதில்: கருக்குழாய்களையும் சேர்த்து எடுக்க வேண்டும், நோய் தொடங்கும் இடமே அதுதான். குழந்தைப்பேறு முடிந்திருந்தால் பிஆர்சிஏ1-க்கு 35–40 வயதிலும், பிஆர்சிஏ2-க்கு 40–45 வயதிலும் செய்வது வழக்கம். வயிற்றைக் கழுவிய நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். குழாயின் நுனியை நீளவாக்கிலும் மீதியை 2–3 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கிலும் வெட்டி, முழுவதையும் பார்க்க வேண்டும். மாதிரிக்கு ஒரு துண்டு மட்டும் பார்த்தால், நுனியில் ஒளிந்திருக்கும் மிகச் சிறிய புற்று தவறிப்போகும். அதிலிருந்து ஏற்கெனவே உதிர்ந்த செல்கள், சினைப்பை எடுத்த பிறகும் வயிற்றுச் சவ்வில் வளரக்கூடும்.