கடைத் தம்பிக்குச் சொல்லவேண்டிய வார்த்தை

கேள்வி: உப்புவெளியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மெதடிஸ்த சபையில் ஞாயிறு பாடசாலை ஆசிரியை. தேவனுடைய அன்பை என் நடத்தையில் காட்டவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். கோபம் வந்தால் எல்லாம் மறந்துபோகிறது. அண்மையில் கணக்கில் காசு குறைந்ததால், கடையில் நிற்கும் தம்பியை வாடிக்கையாளர்கள் முன்னால் கள்ளன் என்று ஏசிவிட்டேன், சம்பளத்திலும் பிடித்தேன். பிறகுதான் கூட்டலில் நான் விட்ட பிழை தெரிந்தது. அடுத்த மாதம் பேசாமல் அந்தக் காசைச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அயலில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். என்னால் கிறிஸ்தவ சாட்சி கெடுகிறதே என்று வேதனையாக இருக்கிறது. நான் திருந்தும்வரை ஞாயிறு பாடசாலையை விட்டு விலகட்டுமா?
— ஒரு வாசகி, திருகோணமலை

பதில்: விலகவேண்டாம், சகோதரி. குறையில்லாதவர்தான் கற்பிக்கலாம் என்றால் உங்கள் சபையின் பிரசங்க மேடையும் காலியாகிவிடும். பூரண அன்பைப் பற்றி ஓயாமல் போதித்தவர் உங்கள் சபையின் மூலபுருஷர் ஜோன் வெஸ்லி. 1751இல் அவர் செய்துகொண்ட திருமணம் கசந்தது, மனைவி பிரிந்துபோனார். 1781இல் அந்த அம்மையார் இறந்து, அடக்கமும் முடிந்த பிறகே வெஸ்லிக்குச் செய்தி எட்டியது. தான் பூரணன் அல்ல என்பதை அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அதற்காகப் பிரசங்கத்தை நிறுத்தவில்லை. (பயணத்தைக் கொஞ்சம் குறைத்து வீட்டில் இருந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.)

உங்கள் கோபத்தைவிட, உங்கள் கடிதத்தில் விடுபட்டதுதான் என்னை உறுத்துகிறது. உங்கள் ஜெபம் இருக்கிறது, உங்கள் வேதனை இருக்கிறது, அயலவர் இருக்கிறார்கள். அந்தத் தம்பி இப்போது எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி இல்லை.

அயலவரை நினைத்து இவ்வளவு கலங்கவேண்டாம். சிலுவையோடு வந்த போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டிய ஊர் உங்களுடையது. இடித்த ஆலயத்தின் இணைக்கயல் (இரட்டை மீன்) பொறித்த கல் கோட்டை வாசலில் இன்றும் நிற்கிறது; உங்கள் இந்து அயலவர் அந்த வாசலால்தான் மீண்டும் கட்டிய கோயிலுக்குப் போகிறார்கள். போய்வந்து உங்களிடமே அரிசியும் பருப்பும் வாங்குகிறார்கள். அவ்வளவையும் தாங்கிய ஊரில், கடைக்காரி ஒருவரின் சிடுசிடுப்பால் கிறிஸ்துவின் பெயர் புதிதாகக் கெட்டுவிடாது. கெட்டது அந்தப் பையனின் பெயர். அன்றைக்கு அவன் வீடு போய்ச் சேருமுன்பே 'கள்ளன்' போய்ச் சேர்ந்திருக்கும். நாளை அவன் வேறொரு கடையில் வேலை கேட்டாலும் அந்தச் சொல் அவனுக்கு முன்னால் அங்கே நிற்கும்.

காசைத் திருப்பிக் கொடுத்தது நியாயம். பேசாமல் கொடுத்ததால் என்ன பயன்? லூக்கா 19இல், வரி வசூலிப்போரின் தலைவனான சகேயு, கூட்டம் முறுமுறுத்துக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னான். இந்தக் கதையை நீங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். இயேசுவைப் பார்க்க அவன் காட்டத்தி மரத்தில் ஏறியதோடு பெரும்பாலும் பாடத்தை முடித்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கு மரம் பிடிக்கும், நமக்கும் அதுதான் வசதி.

'திருந்தும்வரை' என்கிறீர்கள். மத்தேயு 5இல், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்கிறார் இயேசு. குணம் முழுதும் மாறிய பிறகு வா என்று அங்கே நிபந்தனை இல்லை. போய்வர வேண்டிய இடம் ஒன்றுதான். உங்களுக்கு அது உங்கள் கடைக்குள்ளேயே இருக்கிறது. மன்னிப்புக் கேட்டால் கடையில் மதிப்புப் போய்விடும் என்று நினைக்கிறீர்கள் போலும். போனால் போகட்டும், அவனுடைய மதிப்பு ஏற்கெனவே போய்விட்டதே.

ஆகவே வரும் ஞாயிறுக்கு முன், அன்று கேட்டுக்கொண்டு நின்ற வாடிக்கையாளரில் சிலராவது கடைக்கு வரும் நேரத்தில், "தம்பி, கணக்குப் பிழை என்னுடையது. நீ எடுக்கவில்லை" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். தனியே கூப்பிட்டுச் சொல்வது போதாது; ஏசியது தனியே அல்ல. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வற்புறுத்தவேண்டாம், உடனே மன்னிக்க அவன் கடன்பட்டவன் அல்ல. அப்படியானாலும் மாதச் சம்பளம் குறையாமல், பிந்தாமல் அவன் கைக்குப் போகவேண்டும்.