குதிரையின் நடை டோல்ட்டா, ஸ்கெய்தா? காதால் கண்டுபிடியுங்கள்

ஐஸ்லாந்தில் எடுத்த குதிரைச் சவாரி வீடியோவில் குதிரையின் ஒரு பக்கக் கால்கள் சேர்ந்து போவதுபோல் தெரிகிறது, ஆனால் சவாரி செய்பவர் குலுங்கவே இல்லை, இது எந்த நடை என்று கேட்டிருந்தீர்கள். முதலில் கண்ணை மூடிக் குளம்புச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். தட-தட-தட-தட என்று சீராக நான்கு அடி விழுந்தால் அது டோல்ட். அப்புறம் வீடியோவின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால் என்று வரும். ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்கும். குலுங்காததற்குக் காரணம் அதுதான். என்ன அழகான நடை!

சாதாரண நடையான ஃபெட்டிலும் இதே வரிசைதான், ஆனால் நிதானமாக இருக்கும். ப்ரொக் என்ற நடை என்றால் எதிரெதிர் மூலைக் கால்கள் (இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் போல) சேரும்.

ஸ்கெய்தில் ஒரு பக்கக் கால்கள் இரண்டும் ஒன்றாக வீசும், அதனால் இரண்டடித் தாளம், நடுவில் நான்கு குளம்பும் அந்தரத்தில் நிற்கும். அது குறுகிய தூரத்துக்கான முழுவேக ஓட்டம். மெதுவாகப் போகும்போதே இரண்டடிச் சத்தம் கேட்டால் அதை ஸ்கெய்த் என்று சொல்லாதீர்கள். தாளம் கெட்ட டோல்ட் என்றே நான் சொல்வேன்.