வக்கீல் அக்கா பதில்கள்: ரெக்கார்டா, தியரியா, எதுல ஆரம்பிக்கிறது?

கேள்வி: அக்கா, நான் மூணு வருஷ எல்.எல்.பி., கடைசி செமஸ்டர். மே மாசம் தியரி எக்ஸாம். அதுக்குள்ள டிராஃப்டிங் (மனு, பத்திரம் எழுதுற பயிற்சி) ரெக்கார்டு, மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றம்) ரெக்கார்டு, இன்டர்ன்ஷிப் டைரினு எல்லாத்துக்கும் ஒரே வாரத்துல கடைசி தேதி குடுத்துட்டாங்க. டிராஃப்டிங்ல பாதி கூட எழுதல, டைரில சீனியர் வக்கீல் கையெழுத்து வாங்கல, சிபிசி (சிவில் நடைமுறைச் சட்டம்) அரியர் வேற நிக்குது. ரூம்மேட் தினம் நைட் அவுட் போட்டு விடிய விடிய படிக்கிறா, அவள பாத்தாலே பயமா இருக்கு. எதுல ஆரம்பிக்கிறது?
– பேர் போடாதீங்க, மதுரை

பதில்: ரெக்கார்டுல ஆரம்பிமா, யோசிக்கவே வேணாம். நிறைய பசங்க தியரி தான் பெருசு, ரெக்கார்ட கடைசி ரெண்டு நாள்ல எழுதிக்கலாம்னு விட்டுட்டு அப்புறம் விடிய விடிய அடுத்தவன் நோட்ட பாத்து காப்பி அடிச்சிட்டு இருப்பாங்க. மார்க் கணக்கு போட்டு பாரு. பார் கவுன்சில் வகுத்த முறைல டிராஃப்டிங் பேப்பர்ல 15 டிராஃப்டிங், 15 கன்வேயன்சிங் (பத்திரம் எழுதுறது), ஒவ்வொன்னுக்கும் 3 மார்க், ஆக 90, மிச்சம் 10 வைவா (வாய்மொழித் தேர்வு). மூட் கோர்ட் பேப்பர்ல மூட்டுக்கு 30, கோர்ட்ல ட்ரயல் பாத்து எழுதுறதுக்கு 30, ஆபீஸ்ல கட்சிக்காரர்கிட்ட எப்படி விசாரிக்கிறாங்கனு கவனிச்சு எழுதுறது, கேஸ் பேப்பர் ரெடி பண்றது இதுக்கெல்லாம் சேர்த்து 30, வைவா 10. எக்ஸாம் ஹால்ல என்ன கேள்வி வரும்னு தெரியாம போய் உக்காந்து வாங்குற மார்க் இல்ல இது, கேள்வி முன்னாடியே தெரியும், புக்க தொறந்து வச்சு எழுதலாம். இத விட்டுட்டு வேற எத பிடிக்கப்போற?

டிராஃப்டிங் பேப்பர்ல இருக்குற அந்த முப்பதையும் முப்பது தனி வேலையா பாக்காத. ஒரு பிளைன்ட்ட, அதாவது வாதி போடுற வழக்குரைய, சிபிசி ஆர்டர் 7 ரூல் 1 பக்கத்துல வச்சிக்கிட்டு ஒழுங்கா எழுது. கோர்ட் பேர், வாதி பிரதிவாதி விவரம், வழக்கு மூலம் எப்போ எங்க வந்துச்சு, அதிகார வரம்பு, மதிப்பு, கேக்குற பரிகாரம். இது கை வந்துட்டா ப்ரோநோட் கேஸும் இன்ஜங்ஷன் கேஸும் பாகப்பிரிவினையும் நடுவுல கதை மட்டும் தான் மாறும். அதே மாதிரி கிரயம், செட்டில்மென்ட், விடுதலை, அடமானம் எல்லாம் ஒரே மூச்சுல எழுதிடு, தலைப்பகுதியும் சொத்து விவரமும் ஒன்னு தான, ஷரத்து மட்டும் மாத்தினா போதும். பசங்க ரெக்கார்டுல திரும்ப திரும்ப விட்டுப்போறது பிளைன்ட் கடைசில வர்ற வெரிஃபிகேஷன் (சொன்னதெல்லாம் உண்மைனு கையெழுத்து போடுற பகுதி), அப்புறம் பத்திரத்துல சர்வே நம்பரும் நாலு எல்லையும். நோட்ட புரட்டுறவங்க கண்ணு நேரா அங்க தான் போகும். உயில் எழுதுறப்போ ரெண்டு சாட்சி போட்டியானு பாத்துக்க, வைவால அதுக்கு ஸ்டாம்ப் எவ்ளோனு கேட்டு மடக்குவாங்க, ஸ்டாம்ப்பே வேணாம், ரிஜிஸ்டர் பண்றது கூட கட்டாயம் இல்லனு தைரியமா சொல்லு.

சீனியர் கையெழுத்த இந்த வாரமே வாங்கு. மே மாசம் சிவில் கோர்ட் லீவு விட்டுட்டா அவர் குடும்பத்தோட கொடைக்கானல்ல இருப்பாரு, போன் எடுக்க மாட்டாரு. காலைல கோர்ட் வராண்டால போய் நிக்காத, எந்த வக்கீலுக்கும் அந்த நேரத்துல மூட் சரியா இருக்காது, சாயங்காலம் ஆபீஸுக்கு போ. ட்ரயல் பாத்த கேஸோட அடுத்த வாய்தா தேதி மறந்துட்டா இ-கோர்ட்ஸ் வெப்சைட்ல அந்த கேஸுக்கே உரிய 16 இலக்க சிஎன்ஆர் நம்பர் போட்டா வந்துரும், அந்த நம்பரையும் ரெக்கார்டுல எழுதி வை.

இப்போ சிபிசி. 158 செக்‌ஷன், 51 ஆர்டர், மொத பக்கத்துலேர்ந்து படிக்க ஆரம்பிச்சா முடியவே முடியாது. செக்‌ஷன் 10, 11, எங்க வழக்கு போடணும்னு 15லேர்ந்து 20 வரைக்கும், 80 நோட்டீஸ், 96, 100, 115, 151. ஆர்டர்ல 7 ரூல் 11, 8, 9, 39, அப்புறம் 21ல முக்கியமானது மட்டும். போன அஞ்சு வருஷ கொஸ்டின் பேப்பர எடுத்து இதோட ஒத்து பாத்துக்க. கேஸ் பேர் நிறைய மனப்பாடம் பண்ண வேணாம், ஒரு தலைப்புக்கு ஒன்னு போதும், ஆனா அதுல என்ன சொன்னாங்கனு தெரியணும். பிரதிவாதி எதிர்வழக்குரை 30 நாள்ல போடணும், கோர்ட் 90 நாள் வரைக்கும் நீட்டிக்கலாம்னு ஆர்டர் 8 ரூல் 1 சொல்லுதுல்ல, அது கட்டாயமா இல்ல வழிகாட்டுற விதியானு கேள்வி வந்தா நம்ம சேலம் வக்கீல் சங்கம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன கேஸ எழுது, 2005 தீர்ப்பு, ரொம்ப அபூர்வமான சூழ்நிலைல 90 தாண்டியும் அனுமதிக்கலாம்னு சொன்னாங்க. ஆனா கமர்ஷியல் கேஸ்னா 120 நாளோட கதவு சாத்தியாச்சு. இந்த ஒரு வரிய சேர்த்து எழுதுற பொண்ணு பேப்பர் தனியா தெரியும்.

நைட் அவுட் பத்தி, ரூம்மேட்டுக்கு அது ஒத்து வருதுனா அவ படிக்கட்டும். லா பேப்பர் மூணு மணி நேரம் எழுதுற பேப்பர், தூங்காம போனா ப்ராப்ளம் கொஸ்டின்ல யாரு வாதினே கொழம்பிடும், அந்த கேள்வியும் பேப்பரோட கடைசில தான் வந்து நிக்கும்.

கேள்வி: ஆன்ஸர்ல ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) செக்‌ஷன் எழுதணுமா, அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) எழுதணுமா? சீனியர்ஸ் நோட்ஸ் எல்லாம் பழசு.
– ஐந்தாம் ஆண்டு மாணவர், திருநெல்வேலி

பதில்: உங்க சிலபஸ் எதுனு மொதல்ல பாருங்க தம்பி. புதுசுனா புது நம்பர முதல்ல எழுதி "முன்பு இ.த.ச. 302"னு பக்கத்துல போடுங்க. கொலைக்கு தண்டனை 103, கொலை முயற்சி 109, மோசடி 318(4), முன்ஜாமீன் பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 482. இந்த கடைசி நம்பர்ல தான் நிறைய பேர் வழுக்குறாங்க, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 482 ஹைகோர்ட்டோட உள்ளார்ந்த அதிகாரம், அது இப்போ 528. ப்ராப்ளம் கொஸ்டின்ல சம்பவ தேதி குடுத்திருந்தா விடாம பாருங்க, 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குத்தம்னா ஐபிசி தான். இதுக்கு ஆதாரமா பிஎன்எஸ் 358ம் அரசியலமைப்பு 20(1)ம் சேர்த்து ரெண்டு வரி எழுதினா மார்க் நிச்சயம்.

கேள்வி: பையன் சட்டம் படிக்கிறான். எக்ஸாம் வந்தா என்ன கேட்டாலும் எரிஞ்சு விழறான். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு அம்மா, கும்பகோணம்

பதில்: "படிச்சியா"னு மட்டும் கேக்காதீங்கம்மா. ஹால் டிக்கெட்ட ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து வச்சிருங்க. அப்புறம் பட்டா சந்தேகம், வாடகை தகராறுனு சொந்தக்காரங்க அவனுக்கு போன் போடுவாங்க பாருங்க, அந்த போன நீங்க எடுத்து எக்ஸாம் முடியட்டும்னு சொல்லிடுங்க.