கொலைக் கதை படித்தால் மனம் எப்படி லேசாகும்?

மென்மையான துப்பறியும் கதையில்கூடக் கொலைதானே நடக்கிறது, அதில் என்ன இதம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொலை பெரும்பாலும் நம் கண்ணில் படாமலே நடந்து முடிந்துவிடும். இரத்தம், சித்திரவதை கிடையாது. மிஞ்சுவது ஒரு புதிரும் ஒரு சின்ன ஊரும் அதன் சனமும்தான். ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த துப்பறியும் பாத்திரம் மிஸ் மார்ப்பிளைப் பாருங்கள். 1930இல் முதல் தடவையாக நாவலில் வந்த, பின்னல் ஊசியும் கையுமான கிழவி. கிராமத்தில் யார் எப்படி நடந்தார்கள் என்ற ஞாபகத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் வழக்கமாக மீன் வாங்குகிறவர் ஒருநாள் வாங்காவிட்டால், மத்தியானத்துக்குள் காரணம் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும். எங்கள் அம்மம்மாமார் எல்லோரும் பாதி மார்ப்பிள்தான்.

அப்புறம், ஆசிரியர் நம்மோடு நேர்மையாக விளையாடுவார். ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1929இல் இதற்குப் பத்து விதிகளே எழுதினார். துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது, கதையில் இரகசிய அறையோ பாதையோ ஒன்றுக்கு மேல் கூடாது (ஒன்று பரவாயில்லையாம்!). அதனால் தோற்றாலும் கோபம் வராது. எங்கே கோட்டைவிட்டோம் என்று பின்னால் புரட்டித் தேடுவது எனக்கு முடிவைவிடப் பிடிக்கும்.

குற்றவாளி பிடிபட்டதும் எல்லாம் சீராகிவிடும் என்பது வெறும் பாவனைதான். ஆனாலும் விடை கிடைக்காத கேள்விகள் நிறைந்த ஊரில் இருப்பவருக்கு, கடைசிப் பக்கத்துக்குள் விடை நிச்சயம் என்பது சின்ன ஆறுதல் இல்லை.

சிறுகதைகளில் தொடங்குங்கள். பாத்திரங்கள் குறைவு, பெயர்கள் குழப்பாது.