ஐந்து பேருக்கு வண்டி, இரண்டு பேருக்குப் படுக்கை

கேள்வி: நாங்கள் தேவகோட்டைப் பக்கம். நான், கணவர், 9 வயதில் மகள், 6 வயதில் மகன், மாமியார் என ஐந்து பேர். ஐந்து லட்சத்துக்குள் பழைய கார் ஒன்று வாங்கப் போகிறோம். தினமும் பள்ளிக்கூடம், கடைக்கு ஓடும். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற சொந்தக்காரர்களுக்குத் துணை வண்டியாகப் போகும். லீவு விட்டால் தொண்டி, கொடைக்கானல் என்று போய் வண்டியிலேயே இரவு தங்க ஆசை. மாருதி ஈகோ வேன் வாங்கி, பின் சீட்டைக் கழற்றிக் கட்டில் போடலாம் என்கிறார் கணவர். தம்பி மாருதி எர்டிகா என்கிறான். பக்கத்து வீட்டில் ரெனோ ட்ரைபர் வைத்திருக்கிறார்கள். இடித்த பழைய வீட்டுத் தேக்குப் பலகை எங்களிடம் கிடக்கிறது, கட்டிலுக்கு ஆகுமா? ராத்திரி ஏ.சி. போட்டுத் தூங்கலாமா?

பதில்: சகோதரிக்கு, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. நிற்கிற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு யாரும் தூங்கவே கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர்களுக்கு ஏதோ நடக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே வந்ததுதான் காரணம். அது தங்குவதற்கென்றே செய்த வண்டி. அடுப்புக்கும் இதே விதிதான். மழை கொட்டினாலும் வண்டிக்குள் பற்றவைக்காதீர்கள். அன்றைக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரையும் மாவுருண்டையும் போதும்.

சரி, வண்டிக்கு வருவோம். உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஈகோவின் உயரம் ஏறக்குறைய ஆறடி. பக்கக் கதவு தள்ளித் திறக்கும், உள்ளே பெட்டி மாதிரி சதுரமான இடம், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். தனி ஆள் சுற்றுவதென்றால் நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் இதில் இரண்டு குழந்தைகள் தினமும் பள்ளிக்கூடம் போகப் போகிறார்கள். 2016-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஈகோ ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. உங்கள் பணத்துக்குக் கிடைக்கும் பழைய ஈகோக்களில் அந்தக் காலத்து வண்டிகளும் இருக்கும். இன்ஜின் வேறு முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓட்டுகிறவருக்குச் சூடு ஏறும். சிஎன்ஜி என்கிற எரிவாயுவில் ஓடும் வண்டி என்றால் பின்னால் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும், கட்டில் பேச்சுக்கே இடமில்லை.

எர்டிகா நல்ல வண்டிதான். ஆனால் ஐந்து லட்சத்துக்கு நிறைய வருடம் ஓடிய வண்டிதான் பெரும்பாலும் வரும். டாக்சியாக ஓடி, பிறகு வெள்ளை போர்டுக்கு மாறியதாகவும் இருக்கலாம்.

உங்களுக்கு என் சிபாரிசு, 2020-லிருந்து 2022-க்குள் வந்த ட்ரைபர். 2021 சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரமும், குழந்தைகள் பாதுகாப்புக்கு 3 நட்சத்திரமும் வாங்கியது. அதைவிட முக்கியமானது அதன் மூன்றாவது வரிசை. அந்த இரண்டு சீட்டையும் கையாலேயே கழற்றி வீட்டில் வைத்துவிடலாம், கம்பெனியே அப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறது. எடுத்துவிட்டால் பின்னால் 625 லிட்டர் இடம். நடுவரிசை முன்னும் பின்னும் நகரும், மடங்கவும் செய்யும். ஐந்து பேர் உட்கார்ந்து போக அது போதும்.

அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் இன்ஜின், 72 குதிரைசக்தி. ஐந்து பேரும் சாமானுமாக வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது திணறும். ஏ.சி.யை நிறுத்திவிட்டு, கியரைக் குறைத்துப் பொறுமையாக ஏற வேண்டும்.

சீட்டைப் போல்ட் கழற்றி எடுத்துக் கட்டில் பொருத்தும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். நீங்கள் செய்ய வேண்டியது தூக்கி வைக்கிற, தூக்கி எடுக்கிற பலகை மட்டும்.

தேக்கு விஷயம். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பழைய வீட்டு மரத்துக்கு என்ன மதிப்பு என்று தெரியும். அதை அறுத்துக் காருக்குள் போட எனக்கு மனசு வரவில்லை. ஒரு அங்குலப் பலகையின் கனத்தையும் இந்தச் சின்ன இன்ஜின் தாங்காது. 12 மில்லிமீட்டர் தண்ணீர் தாங்கும் ப்ளைவுட் வாங்குங்கள். எட்டுக்கு நான்கு அடி ஷீட் ஒன்றே இருபது கிலோவுக்கு மேல் வரும், அதனால் ஒரு ஷீட்டுக்குள் வேலையை முடிக்கச் சொல்லுங்கள். மூன்று துண்டாக அறுத்து நீளக் கீல் போட்டு மடக்குகிற மாதிரி செய்யட்டும். பின்பக்கம் இரண்டு தாழ்வான பெட்டி, அதன் மேலும் மடக்கிய நடுவரிசை மேலும் பலகை உட்காரும். முன் சீட்டை முன்னால் தள்ளினால் வரும் இடைவெளியை மூன்றாவது துண்டு மூடும். பலகை முழுக்க விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மெத்தைக்கு அடியில் வியர்வை தேங்கி ஒரே மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். மெத்தை மேல் கோரைப்பாய் விரித்தால் முதுகு எரியாது. பெட்டிகளை வண்டியின் கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். சடன் பிரேக் போட்டால் அவைதான் முதலில் பறந்து வரும். வண்டி ஓடும்போது பலகையில் யாரும் படுக்கக் கூடாது, பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும். பழனி பாதையில் கால் கொப்பளித்து வருகிறவர்கள் படுக்க வேண்டுமென்றாலும் ஓரமாக நிறுத்திய பிறகுதான்.

ஆசாரியிடம் போவதற்கு முன்னால், வண்டி பார்க்கப் போகும்போதே டேப் எடுத்துப் போங்கள். விளம்பரத்தில் போடுகிற லிட்டர் கணக்கு சாமான் வைக்கத்தான் உதவும், படுக்க உதவாது. பின் கதவிலிருந்து முன் சீட்டின் முதுகு வரை எவ்வளவு, சக்கர மேடுகளுக்கு நடுவில் எவ்வளவு, பலகை வரும் உயரத்திலிருந்து கூரைக்கு எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கணவரை உள்ளே படுக்கச் சொல்லியும் பாருங்கள். விற்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அங்கேயே இன்னொன்றும் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஓரடியில் சேற்றுக் கறை இருக்கும். தரை விரிப்பைத் தூக்கிச் சீட்டுத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. துடைத்துப் பாலிஷ் போட்டுவிட்டால் மேலே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

காற்றுக்கு என்ன செய்வது? எதிரெதிர்க் கண்ணாடி இரண்டைப் பாதி இறக்கி, காந்தம் தைத்த கொசுவலையை வெளியே ஒட்டுங்கள். மேலே மழைத் தகடு மாட்டியிருந்தால் தூறலிலும் ஓரங்குலம் திறந்து வைக்கலாம். 12 வோல்ட் ஃபேன் ஒன்று 15 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொண்டாலும் எட்டு மணி நேரத்துக்கு 120 வாட்-மணிதான். தனியாக 20 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று அதைப்போல இரண்டு மடங்கு கொடுக்கும். வண்டியின் பேட்டரியில் மாட்டினால் காலையில் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டிவரலாம்.

ஐந்து பேரும் உள்ளே தூங்க முடியாது என்பதை இப்போதே பேசி வைத்துவிடுங்கள். பெரியவர்கள் இரண்டு பேர், அல்லது நீங்களும் பிள்ளைகள் இரண்டு பேரும், அவ்வளவுதான் இடம். கணவருக்குப் பக்கத்தில் டென்ட். மாமியாரைப் பலகை மேல் ஏறச் சொல்லாதீர்கள். இரவில் இரண்டு தடவையாவது எழுந்து இறங்க வேண்டிய வயது, முட்டி என்னாவது? அவர் வருகிற பயணத்தில் விடுதியிலோ சத்திரத்திலோ ஓர் அறை போட்டு, வண்டியை அந்த வளாகத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கழிப்பறைக் கவலையும் தீரும்.

முதல் இரவை உங்கள் வீட்டு வாசலிலேயே தூங்கிப் பாருங்கள். அடுத்தது தெரிந்தவர் தோப்பு. அப்புறம் தொண்டி. அங்கே மணலுக்குள் இறக்காமல் தார்ச்சாலை ஓரமாகவே நிறுத்துங்கள், குப்பத்துப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தங்குங்கள். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். காட்டுச் சாலை ஓரத்தில் இரவு தங்க வேண்டாம், தனியார் முகாம் இடமோ விடுதி வளாகமோ பாருங்கள். வழியில் எந்த ஊருணியைப் பார்த்தாலும் கரையில் நிறுத்தலாம், உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் சோப்புப் போட்டுப் பாத்திரம் கழுவுவதோ பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதோ வேண்டாம். நம் பக்கத்தில் இன்றைக்கும் குடிக்கத் தண்ணீர் எடுக்கிற ஊருணிகள் உண்டு. இருபது லிட்டர் கேன் ஒன்றை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.