‘தெரியாது’ என்பது எந்தக் கேள்விக்குப் பதில்?

கேள்வி: சாமி உண்டு என்றும் நான் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. இரண்டுக்கும் ஆதாரம் போதாது. என்னோடு வேலை செய்யும் நாத்திக நண்பர், “நீ தைரியமில்லாத நாத்திகன். கோயில் கமிட்டிக்குப் பயந்து ஒளிந்துகொள்கிறாய்” என்கிறார். போன கிழமை, சாதாரண தரத்துக்குச் சைவநெறி படித்துக்கொண்டிருந்த மகள், “அப்பா, உங்களுக்குச் சாமி நம்பிக்கை இருக்குதா?” என்று கேட்டாள். “தெரியாதும்மா” என்றேன். நான் அக்னாஸ்டிக்தானே? அது கோழைத்தனமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: உங்கள் நண்பரின் ஏச்சு பழையது. அக்னாஸ்டிக் நிலை என்பது வெட்கப்பட்டு ஒளியும் பொருள்முதல்வாதம்தான் (சடப்பொருளே எல்லாவற்றுக்கும் மூலம் என்ற கொள்கை) என்று மார்க்ஸின் தோழர் ஏங்கல்ஸ் 1892இலேயே எழுதிவிட்டார். நானும் நாத்திகன்தான், இந்தப் பக்கத்தில் அதை மறைத்ததில்லை. ஆனாலும் இந்த ஏச்சோடு எனக்கு உடன்பாடில்லை. அதேநேரம், நீங்கள் மகளுக்குச் சொன்ன பதிலோடும் உடன்பாடில்லை.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். அதை 1869இல் உருவாக்கியவர் டார்வினின் நண்பர் தோமஸ் ஹக்ஸ்லி. அவர் சேர்ந்திருந்த ஒரு சங்கத்தில் ஆளுக்கொரு வாதத்தின் பெயரைச் சூடியிருந்தார்கள். தனக்கு மட்டும் பெயரில்லாமல், வாலை இழந்த நரி மற்ற நரிகளுக்கு நடுவே நிற்பதுபோல இருந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். எல்லாம் அறிந்தோம் என்றவர்களுக்கு எதிர்ப்பதமாக ‘அறியேன்’ என்று பெயர் வைத்துக்கொண்டார். அவருக்கு அது ஒரு வேலை ஒழுங்கு: அறிவு கூட்டிப்போகும் தூரம் வரை போ, நிறுவப்படாததை நிச்சயம் என்று சொல்லாதே. இதில் கோழைத்தனம் எங்கே இருக்கிறது?

தமிழில் இதை ‘அறியொணாவாதம்’ என்று பெயர்த்திருக்கிறோம். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. ‘ஒணா’ என்றால் முடியாது என்று பொருள். “எனக்குத் தெரியாது” என்பது வேறு, “எவருக்கும் எக்காலத்திலும் தெரியவராது” என்பது வேறு. முதலாவது அடக்கம். இரண்டாவதைச் சொல்கிறவர் நாளைக்கு வரப்போகும் அறிவுக்கும் இன்றைக்கே எல்லை போடுகிறார். நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை மனிதன் ஒருபோதும் அறிய முடியாது என்று 1835இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் கோம்ட் எழுதினார். கால் நூற்றாண்டுக்குள் ஒளியைப் பிரித்துப் பார்த்துச் சூரியனில் என்னென்ன தனிமங்கள் உண்டென்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நாத்திகர்கள் அக்னாஸ்டிக்குகளோடு முரண்படும் முக்கியமான இடம் இந்த ‘ஒணா’தான்.

அடுத்தது, நம் எல்லோருக்கும் இருக்கும் ஒரு குழப்பம். காமன் பண்டிகை லாவணியில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி பாடும், எரியவில்லை என்று மறு கட்சி பாடும். ஆத்திகரும் நாத்திகரும் அப்படி இரண்டு கட்சி என்றும், அக்னாஸ்டிக் நடுவில் உட்கார்ந்து கேட்பவர் என்றும் நினைக்கிறோம். ‘கடவுள் இல்லவே இல்லை’ என்ற பெரியாரின் முழக்கம் காதில் ஊறிப்போன நமக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இங்கே கேள்வியே இரண்டு. கடவுள் இருப்பது தெரியுமா என்பது அறிவைப் பற்றியது. நம்புகிறாயா என்பது நம்பிக்கையைப் பற்றியது. ஒருவர் முதல் கேள்விக்கு “தெரியாது” என்றும் இரண்டாவதற்கு “இல்லை” என்றும் சொல்லலாம். நான் அப்படித்தான். என்னைப் போன்ற நாத்திகர்கள் நிறையப் பேர் அப்படித்தான். முதலாவதற்குத் “தெரியாது” என்றுவிட்டு இரண்டாவதற்கு “ஆம்” என்கிற பக்தர்களையும் எனக்குத் தெரியும்.

ஆங்கிலத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1947இல் இதை நேர்மையாகச் சொன்னார். தத்துவம் படித்தவர்கள் கூடிய சபையில், இல்லையென்று முடிவாக நிரூபிக்க முடியாததால், தான் அக்னாஸ்டிக். தெருவில் போகும் சாதாரண மனிதரிடம் பேசும்போது நாத்திகர் என்றே சொல்லவேண்டும். ஏனென்றால் ஹோமர் பாடிய கிரேக்கத் தெய்வங்கள் இல்லையென்றும் அவரால் நிரூபிக்க முடியாது, அதற்காக அவற்றை யாரும் பாதிக்குப் பாதி என்று எடுத்துக்கொள்வதில்லை. பேர்பெற்ற நாத்திகரான உயிரியலாளர் ரிச்சர்ட் டோக்கின்ஸ்கூட 2006இல், கடவுள் உண்டென்ற நிச்சயம் முதல் படி, இல்லையென்ற நிச்சயம் ஏழாவது படி என்று ஏழு படி வைத்து, தன்னை ஏழாவதில் நிறுத்தாமல் ஆறாவதில்தான் நிறுத்தினார். ஆகவே உங்கள் நண்பரிடம் கேளுங்கள்: நீங்கள் ஏழாவது படியிலா நிற்கிறீர்கள்? அதற்கு ஆதாரம் என்ன?

இனி உங்களிடம் ஒன்று. எந்தச் சாமியைப் பற்றி நீங்கள் “தெரியாது” என்கிறீர்கள்? பிரபஞ்சத்துக்கு ஒரு மூலகாரணம் உண்டா என்பதைப் பற்றியா? சரி, அங்கே நானும் உங்களோடு நிற்கிறேன். ஆனால் நம் மலையில் சாமி அவ்வளவு தூரத்தில் இல்லை. தேயிலை ஃபெக்டரியில் மெஷினைக் காக்கும் ரோதைமுனி, மலையில் செடி வெட்டும் கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துச்சாமி, நேர்த்தி வைத்தால் காய்ச்சலை இறக்கும் மாரியம்மா. இவர்கள் இன்ன காரியம் செய்வார்கள் என்று சொல்லப்படுகிறது. செய்கிறார்களா என்று பார்க்க முடியும். பக்தி இல்லாதவர்களும் தீ மிதிக்கலாம் என்பதை மருத்துவப் பேராசிரியர் கார்லோ பொன்சேகா இந்த நாட்டிலேயே செய்து காட்டினார். அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்ட இலங்கைப் பகுத்தறிவாளர் ஏப்ரகாம் கோவூர் 1978இல் இறந்தார். அந்தப் பணத்தை யாரும் வென்றதில்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயத்திலும் “தெரியாது” என்றே நிற்பவர் ஹக்ஸ்லியின் ஆளாக முடியாது.

என் அப்பா ரோலர் அறையில் வேலை செய்தவர். விடியற்காலையில் மெஷின் போடுவதற்கு முன் சுவர் ஓரத்து முனிக்கு ஒரு கட்டி சூடம் ஏற்றுவார். அப்புறம் உள்ளங்கையால் பெல்ட்டை முழு நீளத்துக்கும் தடவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். சிறுவனாக இருந்தபோது ஒருநாள் கேட்டேன், முனி நிசமாவே இருக்குதா என்று. “இருக்கோ இல்லையோ, ஒரு கட்டி சூடம்தானேடா” என்றார். அந்தச் சூடத்தின் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. ஆனால் அதை அக்னாஸ்டிக் நிலை என்று சொல்லமாட்டேன், அது காப்புறுதி. ஹக்ஸ்லி சொன்னது அந்த உள்ளங்கையில்தான் இருந்தது.

நீங்கள் கோயில் சந்தா கொடுப்பதும் கமிட்டியோடு ஒத்துப்போவதும் வேறு கதை. லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரரோடு சேர்ந்து வாழவேண்டிய ஒருவரை அதற்காக நான் குறைசொல்லமாட்டேன்.

மகளின் கேள்விக்கு வருகிறேன். புத்தர் காலத்தில் சஞ்சயர் என்று ஓர் ஆசான் இருந்தார். துறவு வாழ்க்கையால் இம்மையிலேயே கண்கூடாகக் கிடைக்கும் பயன் என்ன என்று அஜாதசத்து மன்னன் கேட்டதற்கு, மறுவுலகம் உண்டா என்று கேட்டால் அப்படியும் சொல்லேன், இப்படியும் சொல்லேன், மறுக்கவும் மாட்டேன் என்று நழுவினார். மாங்காயைப் பற்றிக் கேட்டவனுக்கு ஈரப்பலாக்காயைப் பற்றிச் சொன்னதுபோல இருந்தது என்றானாம் மன்னன். இது பௌத்தர்களின் பாளி நூலில் இருக்கிறது. அன்று மகளுக்கு நீங்கள் நீட்டியதும் ஈரப்பலாக்காய்தான். சாமி இருப்பது தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டாள். அது உங்கள் மனதைப் பற்றியது, அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியும். “இல்லம்மா, ஆனா சாமி இல்லேன்னு என்னால நிரூபிக்கவும் முடியாது” என்றோ, “கொஞ்சம் இருக்கும்மா, ஏன்னுதான் தெரியல” என்றோ, உண்மை எதுவோ அதை இந்தக் கிழமையே அவளிடம் சொல்லுங்கள். பரீட்சையில் சைவநெறிக்கு அவள் எழுதவேண்டிய விடைகள் அதனால் மாறப்போவதில்லை.